பலகையும் மனையும்: உணவகங்களும் நகரக் குடியிருப்புகளின் மதிப்பும்

ஒரு பகுதியில் எத்தகைய உணவகங்கள் உள்ளன என்பதைக் கொண்டே அங்கு எத்தனை பேர் வாழ்கின்றனர், எத்தனை நிறுவனங்கள் இயங்குகின்றன, மக்கள் எவ்வளவு செலவழிக்கின்றனர் என்பனவற்றைப் பெருமளவு சரியாகக் கணித்துவிட முடியும் என்று 2019-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. லெய் டாங், கார்லோ ராட்டி, சிச்சி ஜெங் ஆகிய மூவரும் ஒன்பது சீன நகரங்களின் உணவகத் தரவுகளைக் கொண்டு இம்முடிவுக்கு வந்தனர். சென்னையில் வாடகை வீடு தேடி அலைந்த எவருக்கும் இது புதுச் செய்தியாக இராது. வீட்டுத் தரகர்கள் காற்றோட்டத்தையும் தண்ணீரையும் சொன்ன கையோடு, தெருமுனையில் நல்ல ஓட்டல் இருப்பதையும் சொல்லத் தவறுவதில்லை.

ஆனால் கணிப்பு வேறு, காரணம் வேறு. நல்ல ஓட்டல் இருப்பதால் ஒரு பகுதி விரும்பத்தக்கதாகிறதா, விரும்பத்தக்க பகுதி என்பதால் நல்ல ஓட்டல் வருகிறதா என்ற வினாவுக்குத் தரவு மட்டும் விடை தராது. ‘நல்ல’ என்ற சொல் யாருடைய வாயிலிருந்து வருகிறது என்பதையும் அது சொல்லாது. இவ்விரு வினாக்களுக்கும் சென்னையின் உணவக வரலாறு ஓரளவு தெளிவான விடை வைத்திருக்கிறது.

சோற்றை விற்பது இழிவு என்று கருதிய சமூகத்தில் விலைக்குச் சோறு போடும் கடை மிகவும் பிந்தியே வந்தது. அதற்கு முன் வழிப்போக்கருக்கு உணவளித்தவை சத்திரங்கள். திருப்பதிக்குச் செல்லும் யாத்திரைச் சாலைகள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சென்னையிலிருந்து திருத்தணி, நகரி, புத்தூர், வடமாலபேட்டை வழியாகத் திருப்பதியை அடையும் சாலையில் இன்று சத்திரத்தின் இடத்தை உணவகம் பிடித்துக்கொண்டது. எனினும் அதன் இயல்பு சத்திரத்தினுடையதே. உண்பவர் வேறு ஊர்க்காரர். உண்டு முடித்ததும் வண்டியேறிப் போய்விடுவார். பேருந்து எங்கே நிற்க வேண்டும் என்பதை இத்தகைய உணவகம் முடிவு செய்யலாம். யார் எங்கே குடியேறுவது என்பதை அது முடிவு செய்வதில்லை. குடியிருப்போடு உணவகம் பிணைய வேண்டுமானால், உண்பவன் அந்தத் தெருவிலேயே உறங்குபவனாகவும் இருக்க வேண்டும்.

அத்தகைய மனிதன் சென்னையில் திரளாகத் தோன்றியது அரசு அலுவலகம், உயர் நீதிமன்றம், பல்கலைக்கழகம், வணிக நிறுவனம் ஆகியவற்றின் மாதச் சம்பளத்தோடுதான். தஞ்சையிலிருந்தும் நெல்லையிலிருந்தும் சித்தூரிலிருந்தும் வந்த இளைஞன் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டுத் திருவல்லிக்கேணியில் அறை எடுத்தான். சேப்பாக்கத்து அலுவலகங்களும் மாநிலக் கல்லூரியும் பல்கலைக்கழகமும் நடந்து செல்லும் தொலைவில் இருந்தன. பிற்காலத்தில் ‘மான்ஷன்’ என்று பெயர்பெற்ற கட்டடங்கள் இந்தத் தேவையைக் கட்டட வடிவாக்கியவை. ஒரு கட்டில், ஒரு சன்னல், பொதுக் குளியலறை, சமையலறை கிடையாது. மான்ஷன் உரிமையாளரின் கணக்கில் இந்தச் சமையலறை இன்மையே இலாபம். ஒரு வீடு கொள்ளும் பரப்பில் பல அறைகளைத் தடுத்து வாடகைக்கு விடலாம். ஆனால் பக்கத்தில் ஒரு மெஸ் இல்லையென்றால் அந்த அறைகள் வாடகைக்குப் போகா. தெருவுக்குப் பொதுவான அடுக்களையாக மெஸ் இருந்தது. ஓட்டல் அந்தத் தெருவின் காப்பிக் கூடமாயிற்று. 1948-இல் தொடங்கி இன்றும் சாம்பாருக்குப் பேர்போன ரத்னா கஃபே நிற்பதும் இத்தெருக்களுக்கு நடுவில்தான். வாடகைக்கும் உணவுக்கும் உள்ள நேரடியான, ஐயத்துக்கு இடமில்லாத தொடர்பை இங்கே காணலாம்.

மயிலாப்பூரில் நிலைமை சற்று வேறு. அங்கே வழக்கறிஞர்களும் உயர் அலுவலர்களும் குடும்பத்தோடு வாழ்ந்தனர். வீட்டில் சமையல் உண்டு. எனவே அங்குள்ள ஓட்டல் பசிக்கு மட்டுமன்றிப் பேச்சுக்கும் உரிய இடமாயிற்று. ஆ. இரா. வேங்கடாசலபதி ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ என்னும் நூலில் காட்டுவதுபோல, காப்பி என்பது நடுத்தர வர்க்கம் தன்னைத் தானே அடையாளம் கண்டுகொண்ட பானம். காப்பி கிளப் இருந்த தெரு அந்த வர்க்கத்தின் தெரு.

இந்தப் பின்னணியில் தியாகராய நகரை நோக்கலாம். 1920-களில் நீண்ட ஏரி எனப்பட்ட நீர்நிலையின் பகுதியைத் தூர்த்து உருவாக்கப்பட்டது இந்நகர். 1925-இல் மறைந்த பிட்டி தியாகராயரின் பெயரைத் தாங்கிய இதில், பனகல் பூங்கா, நடேசன் பூங்கா, உஸ்மான் சாலை, நாயர் சாலை என நீதிக்கட்சித் தலைவர்களின் பெயர்களே நிறைந்தன. 1931-இல் கடற்கரை–தாம்பரம் மின்ரயில் ஓடத் தொடங்கியதும் மாம்பலத்தில் குடியிருந்து ஜார்ஜ் டவுனில் வேலை பார்ப்பது இயல்பாயிற்று. பிராமணரல்லாதார் இயக்கத்தின் பெயர்ப்பலகை தாங்கிய தெருக்களில் பெருமளவில் குடியேறியவர்களுள் பிராமணர்களும் இருந்தனர் என்பதும், அவர்களைப் பின்தொடர்ந்து வந்தவை உடுப்பி, ஐயர் ஓட்டல்கள் என்பதும் சென்னை வரலாற்றின் நகைமுரண்களில் ஒன்று. இங்கே வரிசை தெளிவாக இருக்கிறது. முதலில் அரசின் மனைப்பிரிவு, பிறகு ரயில், பிறகு குடியேற்றம், கடைசியில் ஓட்டல்.

கடைசியாக வந்தாலும் ஓட்டல் செய்த வேலை சிறியதன்று. ஒரு பகுதி யாருக்கு உரியது என்பதை எல்லாரும் படிக்கும்படி பலகையில் எழுதிவைத்தது அதுவே. ‘பிராமணாள்’ என்ற சொல் சமையல்காரரின் சாதியைக் குறித்ததாக உரிமையாளர்கள் சொல்லிக்கொண்டனர். ஆனால் உள்ளே தனி இடங்கள் ஒதுக்கப்பட்டிருந்த காலத்தில் அச்சொல் உண்பவரின் சாதியையும் சேர்த்தே குறித்தது. ரயில் நிலைய உணவகங்களில் பிராமணர், ‘இதரர்’ என்றிருந்த பிரிவினை நெடுங்கால எதிர்ப்புக்குப் பின் 1941-இல்தான் நீங்கியது. 1957-இல் பெரியார் தம் கிளர்ச்சிக்குத் தேர்ந்த இடம் திருவல்லிக்கேணியின் முரளி கஃபே. நாள்தோறும் தொண்டர்கள் சென்று மறியல் செய்து கைதாயினர். மாதக்கணக்கில் நீடித்த அப்போராட்டத்தின் முடிவில் பலகையிலிருந்து அச்சொல் அகன்றது. தொழிற்சாலை வாயிலையோ கோயில் வாசலையோ விடுத்து ஓர் ஓட்டல் வாசல் ஏன் போராட்டக் களமாயிற்று என்பது உணவக வரலாற்றை ஆராய்வோர் ஊன்றிக் கவனிக்க வேண்டியது. கோயிலுக்குள் நுழைவது உரிமை பற்றிய வினா. ஓட்டலுக்குள் நுழைவது, ‘இந்தத் தெருவில் நான் யார்’ என்ற அன்றாட வினா.

பலகைச் சொல் அழிந்த பின்னும் சைவ ஓட்டலின் மதிப்பு குறையவில்லை. உரிமையாளரின் சாதி மட்டும் மாறியது. தூத்துக்குடி மாவட்டத்துப் புன்னையடியிலிருந்து வந்து கே.கே. நகரில் மளிகைக் கடை வைத்திருந்த பி. ராஜகோபால் 1981-இல் சரவண பவனைத் தொடங்கியதற்குப் பின்னால் பலமுறை சொல்லப்பட்ட கதை ஒன்றுண்டு. கடைக்கு வந்த விற்பனையாளர் ஒருவர், கே.கே. நகரில் சாப்பிட ஓட்டல் இல்லாததால் மதிய உணவுக்குத் தி. நகர் போக வேண்டியிருக்கிறது என்றாராம். கதை மெருகேறியிருக்கலாம், அதன் தர்க்கம் பொய்யன்று. மனைகள் பிரிக்கப்பட்டு, வீடுகள் எழும்பி, சாலை போடப்பட்ட பின்னரும் ஒரு பகுதி முழுமை அடையாதிருந்தது. ஓட்டல் இன்மையே அந்தக் குறையின் பெயர். கே.கே. நகரை உருவாக்கியது சரவண பவன் அன்று. ஆனால் அங்கு வாழாதவருக்கும் அப்பகுதியை அறிமுகம் செய்த பெயர்களுள் அது முதன்மையானது. நாடார் ஒருவர் நடத்திய உணவகத்தில் எல்லாச் சாதியினரும் அருகருகே அமர்ந்து உண்டதை, முரளி கஃபே மறியலிலிருந்து கால் நூற்றாண்டுக்குள் நிகழ்ந்த மாற்றமாகக் கருத வேண்டும். (ராஜகோபாலின் பிற்கால வாழ்வும், கொலை வழக்கில் 2019-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்த ஆயுள் தண்டனையும் வேறொரு கட்டுரைக்கு உரியவை.)

இம்மாற்றத்தின் எல்லையையும் சொல்ல வேண்டும். எல்லாரும் உள்ளே வரலாம் என்றானது சைவ உணவகத்துக்குள். ‘நல்ல ஓட்டல்’ என்பதன் பொருள் ‘சைவ ஓட்டல்’ என்றே பல பகுதிகளில் நிலைத்துவிட்டது. அண்ணா சாலையில் 1951 முதல் இயங்கும் புஹாரியைத் தேடி நகரம் முழுவதும் திரண்டு வந்தது. பெரியமேட்டின், ராயபுரத்தின் இறைச்சி உணவகங்களுக்கும் கூட்டம் குறைவில்லை. ஆயினும் அச்சுவையைத் தம் பகுதியின் பெருமையாக எழுதும் வீட்டு விளம்பரம் அரிது. சுவைக்காக ஒரு தெருவுக்குச் செல்வதும், அந்தத் தெருவில் வாழ விரும்புவதும் ஒன்றல்ல என்பதை இவ்வுணவகங்கள் காட்டுகின்றன. ‘சைவ உணவினருக்கு மட்டும்’ என்ற வாடகை நிபந்தனை ஓட்டல் பலகையிலிருந்து வீட்டு வாசலுக்கு இடம்பெயர்ந்த பழைய சொல்லே என்று படிப்பதில் தவறில்லை.

நிலமதிப்பு உயர்ந்தபின் உணவகத்துக்கு என்ன ஆகிறது என்பது கதையின் மறுபக்கம். உடுப்பிப் பகுதியிலிருந்து வந்து ஜார்ஜ் டவுன் ஆச்சாரப்பன் தெரு ஓட்டலில் வேலை பார்த்த கே. கிருஷ்ணராவ் 1938-இல் இராயப்பேட்டை மாளிகை ஒன்றைக் குத்தகைக்கு எடுத்து உட்லண்ட்ஸ் ஓட்டலைத் தொடங்கினார். 1962-இல் கதீட்ரல் சாலையில் வேளாண் தோட்டக்கலைச் சங்கத்தின் நிலத்தில் எழுந்தது அவருடைய ‘டிரைவ்-இன்’. ஒரு காப்பியை முன்வைத்து மணிக்கணக்கில் பேசிக்கொண்டிருக்க விட்ட அவ்விடம், எழுத்தாளர்களுக்கும் மாணவர்களுக்கும் பெயரில்லாத கழகமாக நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தது. நகரின் மிக விலையுயர்ந்த சாலைகளுள் ஒன்றில், மரநிழலில், இத்தனை மலிவாக அமர முடிந்ததற்குக் காரணம் வணிகத் திறன் மட்டுமன்று. அந்த நிலம் சந்தை விலைக்கு வெளியே இருந்தது. நிலத்தைப் பற்றிய முடிவு அரசின் கைக்குப் போனதும் 2008-இல் டிரைவ்-இன் மூடப்பட்டது. 2010-இல் அங்கே செம்மொழிப் பூங்கா திறக்கப்பட்டது. பகுதியின் மதிப்பு கொஞ்சமும் குறையவில்லை.

பிற நகரங்களிலும் இதே வரிசையைக் காணலாம். பெங்களூரில் 1898-இன் கொள்ளைநோயைத் தொடர்ந்து வளர்ந்த பசவனகுடியில், பல பத்தாண்டுகள் கழித்து 1943-இல் வந்தது வித்யார்த்தி பவன். பம்பாயில் 1896-இன் கொள்ளைநோய்க்குப் பின் அமைந்த நகர மேம்பாட்டு அறக்கட்டளை தாதர்–மாதுங்கா மனைத் திட்டத்தை வகுத்தது, அடுக்ககங்கள் எழுந்தன, தென்னிந்திய எழுத்தர்கள் குடியேறினர். சாதியாலும் மொழியாலும் பிரிந்து கிடந்தவர்கள் அடுக்கக வாழ்வில் ‘தென்னிந்தியர்’ ஆன வரலாற்றை நிகில் ராவ் தமது ‘ஹவுஸ், பட் நோ கார்டன்’ நூலில் விரிவாக எழுதியுள்ளார். அவர்களுக்குப் பின்னால் வந்தவை 1940-இன் கஃபே மெட்ராஸ், 1942-இல் ஏ. ராம நாயக் மாதுங்கா நிலையத்தருகே தொடங்கிய உடுப்பி ஸ்ரீகிருஷ்ணா போர்டிங் ஆகியவை. 1966-இல் சிவசேனை தோன்றித் தென்னிந்தியருக்கு எதிரான பரப்புரையைத் தொடங்கியபோது கல்லெறி முதலில் விழுந்த இடங்களுள் உடுப்பி ஓட்டல்களும் இருந்தன. அடுக்ககத்தின் முகப்பில் குடியிருப்போரின் மொழி எழுதப்பட்டிருக்கவில்லை. ஓட்டலின் முகப்பில் எழுதப்பட்டிருந்தது.

மாதுங்காவின் வாடகை பின்னர் எட்டாத உயரத்துக்குப் போயிற்று. தமிழ்க் குடும்பங்கள் பல செம்பூருக்கும் முலுண்டுக்கும் டோம்பிவிலிக்கும் நகர்ந்தன. விட்டுச் சென்ற வீடுகளில் குஜராத்திக் குடும்பங்கள் பெருகின. ஞாயிற்றுக்கிழமை காலையில் கஃபே மெட்ராஸின் வாசலில் பெயர் கொடுத்துவிட்டுக் காத்து நிற்போருள் கணிசமானோர் அந்தத் தெருவில் வாழ்பவர்கள் அல்லர். பாட்டனார் வாடகைக்கு இருந்த தெருவில் தோசை உண்பதற்காகப் புறநகர் ரயிலேறி வந்தவர்களும் அவர்களுக்கிடையே உண்டு.