எண்பது லட்சத்து வீடும் ஒன்பது லட்சத்து வீடும்

பழைய வீட்டை வாங்கிப் பழுது பார்த்து, ஒரு வருஷத்தில் நல்ல விலைக்குக் கைமாற்றிவிடலாம் என்ற ஆசை திருவண்ணாமலை வட்டாரத்தில் பலருக்கும் வந்திருக்கிறது. ஆந்திரா, தெலங்கானாவிலிருந்து பக்தர்கள் திரண்டு வருகிறார்கள். 2024 மே மாதம் சென்னைக் கடற்கரை–வேலூர் ரயில் திருவண்ணாமலை வரை நீண்டது. அதே ஆண்டு ஊர் மாநகராட்சியும் ஆனது. கிரிவலப் பாதையை ஒட்டி விலை ஏறிவிட, அங்கே கை வைக்க முடியாதவர்கள் செஞ்சி சாலையில் இருபது கிலோமீட்டருக்குள் இருக்கும் கீழ்பென்னாத்தூரைப் பார்க்கிறார்கள். இரண்டு ஊரிலும் கணக்கு போட்டுப் பார்த்தேன். விலைகள் நானாக வைத்துக்கொண்டவை. வரி விகிதங்கள் நடப்பில் உள்ளவை.

திருவண்ணாமலையில் 80 லட்சத்துக்கு ஒரு வீடு. முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். பத்திரம் பதியும் அன்றே 7 லட்சத்து 20 ஆயிரம் போய்விடும். புரோக்கருக்கு 1 சதவீதம், 80 ஆயிரம். 50 லட்சம் கடன் வாங்கினால், 12 சதவீத வட்டியில் வருஷத்துக்கு 6 லட்சம். பழுது பார்க்க 12 லட்சம். ஆக 106 லட்சம். விற்கும்போது கொடுக்கும் கமிஷனையும் சேர்த்தால், 107 லட்சத்துக்கு விற்றால்தான் போட்ட பணம் திரும்பும். வாங்கிய விலைக்கு மேல் மூன்றில் ஒரு பங்கு ஏற வேண்டும். இதில் 15 லட்சம், வீட்டில் ஒரு செங்கல்லைக்கூடச் சேர்க்காத செலவு.

115 லட்சத்துக்கு விற்றுவிட்டதாகவே வைப்போம். கமிஷன் போக 7 லட்சத்து 85 ஆயிரம் மிஞ்சும். இருபத்து நான்கு மாதத்துக்குள் விற்றால் அது குறுகிய கால ஆதாயம். வருமான வரி அவரவர் வரம்பின்படி விழும். 30 சதவீத வரம்பில் இருப்பவருக்கு நிற்பது ஐந்தரை லட்சத்துக்கும் குறைவு. கொத்தனாருக்குக் கையில் கொடுத்த கூலிக்கு ரசீது இல்லையென்றால் அதுவும் நிற்காது. வீடு விலை போக ஆறு மாதம் தாமதமானால் வட்டியே இன்னும் 3 லட்சம். விலை உயர்ந்த ஊரில் செலவெல்லாம் சதவீதத்தில் வருகிறது. வீட்டின் விலை ஏற ஏற அதுவும் ஏறும். சிங்கப்பூரில், வாங்கியதும் விற்பதைத் தடுக்க இப்படி ஒரு சதவீதச் செலவை அரசே தெரிந்து வைக்கிறது: 2025 ஜூலை 4 முதல் வாங்கிய வீட்டை ஒரு வருஷத்துக்குள் விற்றால், விற்பவர் 16 சதவீதம் தீர்வை கட்ட வேண்டும்.

கீழ்பென்னாத்தூரில் 9 லட்சத்துக்கு ஒரு சிறிய வீடு. மனைவி பெயரில் வாங்கினால், 10 லட்சம் வரையிலான சொத்துக்குப் பெண்களுக்குப் பதிவுக் கட்டணத்தில் 2025 ஏப்ரல் முதல் 1 சதவீதம் குறைவு. பத்திரச் செலவு 72 ஆயிரம். புரோக்கர் 2 சதவீதம் கேட்டாலும் 18 ஆயிரம்தான். நகைக்கடன் வட்டி 40 ஆயிரம் என்று வைப்போம். இதுவரை மலிவுதான். பழுதில்தான் கணக்கு உதைக்கிறது. சிமெண்டும் கம்பியும் ஊர் சிறிது என்பதற்காகப் பாதி விலைக்கு வருவதில்லை. சுவரின் அடியில் ஓதம் ஏறி உப்புப் பூத்திருக்கும். மேலே பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்தால் அடுத்த மழைக்குள் உரிந்து விழும். பூச்சைக் கொத்தி எடுத்துப் புதிதாகப் பூச வேண்டும். தளம் ஒழுகினால் மேல் ஓட்டைப் பெயர்த்து மறுபடி பதிக்க வேண்டும். வயரிங், கழிவறை எல்லாம் சேர்த்து 6 லட்சம் என்பது குறைவான மதிப்பீடு. அங்கே வீட்டு விலையில் 15 சதவீதமாக இருந்த பழுது, இங்கே மூன்றில் இரண்டு பங்கு. விற்கும்போது கொடுக்கும் கமிஷனையும் சேர்த்தால், போட்டது திரும்ப சுமார் 16 லட்சத்து 60 ஆயிரத்துக்கு விற்க வேண்டும். அந்தப் பணம் கையில் இருப்பவர் காலி மனை வாங்கித் தன் வாஸ்துப்படி புது வீடு கட்டவே நினைப்பார். நாம் போட்ட டைல்ஸுக்கு அவர் எதற்கு விலை தர வேண்டும்?

பத்திரத்திலும் இரண்டு ஊரும் வேறு. திருவண்ணாமலையில் கேட்க வேண்டியது, நிலம் கோயிலுடையதா, மலைச்சரிவில் இருக்கிறதா என்று. அறநிலையத் துறை அனுமதி இல்லாமல் கோயில் நிலத்தைப் பதிய முடியாது. சரிவில் வீடு என்றால் என்ன நேரும் என்பதை 2024 டிசம்பர் 1 காட்டியது; வ.உ.சி. நகரில் மண் சரிந்து ஒரே வீட்டில் இருந்த ஏழு பேர் இறந்தார்கள். அப்படிப்பட்ட இடத்தில் வெள்ளையடித்து வெளியூர்க்காரர் தலையில் கட்டுவதை வியாபாரம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கீழ்பென்னாத்தூர் போன்ற ஊரில் வீடு மலிவாகக் கிடைப்பதற்குப் பெரும்பாலும் பிரிக்காத பாகமே காரணம். தமிழ்நாட்டில் இந்துக் குடும்பங்களின் பூர்வீகச் சொத்தில் 1989-இல் மணமாகாத மகள்களுக்கும், 2005-இல் எல்லா மகள்களுக்கும் சம பங்கு வந்தது. அண்ணன் தம்பி மட்டும் கையெழுத்துப் போட்ட பத்திரத்துக்கு எதிராக அக்காவோ தங்கையோ வழக்குப் போடலாம். அவர்கள் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்துக் குடும்பத்துக்குள் எழுதும் விடுதலைப் பத்திரத்துக்குத் தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40 ஆயிரம். பதிவுக் கட்டணமும் 1 சதவீதம், அதிகபட்சம் 10 ஆயிரம். 9 லட்சத்து வீட்டில் மூன்றில் ஒரு பங்கை விடுவிக்க இரண்டும் சேர்ந்து 6 ஆயிரம்தான். சகோதரிக்கு அவர் பங்குப் பணத்தை நியாயமாகக் கொடுத்து இதை முடிக்க வைத்து, பட்டாவையும் பெயர் மாற்றினால், வங்கிக் கடனில் வாங்குபவரும் அந்த வீட்டைத் தேடி வருவார். 6 லட்சத்துப் பூச்சு வேலையால் ஏறாத விலை இதனால் ஏறும். கீழ்பென்னாத்தூரில் நான் வாங்குவதாக இருந்தால், கொத்தனாரைக் கூப்பிடும் முன் முப்பது வருஷ வில்லங்கம் போட்டுப் பார்த்துவிட்டு, அந்த வீட்டுப் பெண்கள் எந்தெந்த ஊரில் வாழ்க்கைப்பட்டிருக்கிறார்கள் என்று விசாரிப்பேன்.