ஹெர்ன்ஹூட்டின் சீட்டும் நம்முடைய தீர்மானங்களும்



பெண்ணுக்கு ஒரு சம்பந்தம் வரும்போதும், வெளியூரில் வேலைக்கு அழைப்பு வரும்போதும், மனை வாங்குவதா வேண்டாமா என்று குடும்பமாகக் கூடிப் பேசும்போதும் விசுவாசிகள் போதகரிடம் கேட்கும் கேள்வி ஒன்றே: "ஐயா, இது தேவசித்தம்தானா என்று எப்படி அறிவது?" சிலர் ‘ஆம்’, ‘இல்லை’ என்று எழுதிய இரண்டு துண்டுக் காகிதங்களை வேதாகமத்திற்குள் வைத்து, ஜெபித்து, ஒன்றை எடுக்கிறார்கள். சிலர் கண்களை மூடி வேதத்தைத் திறந்து, விரல்பட்ட வசனத்தையே விடையாகக் கொள்கிறார்கள். புத்தாண்டு ஆராதனையில் கிடைத்த வாக்குத்தத்த அட்டையைக் கொண்டு அவ்வாண்டின் காரியங்களை முடிவு செய்கிறவர்களும் உண்டு. இவற்றைப் பரிகசிப்பது எளிது. ஆனால் இவ்வழியில் ஏறக்குறைய 160 ஆண்டுகள் உண்மையும் உத்தமமுமாய் நடந்து பார்த்த ஒரு திருச்சபை உண்டு. அதன் வரலாறு நமக்குப் பாடமாயிருக்கிறது.

1722-ஆம் ஆண்டில், மொரேவியா தேசத்திலிருந்து விசுவாசத்தினிமித்தம் ஓடிவந்த குடும்பங்கள், ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில் சின்சென்டார்ப் பிரபுவின் நிலத்தில் குடியேறின. அந்தச் சிற்றூருக்கு ஹெர்ன்ஹூட் என்று பெயரிட்டார்கள். கர்த்தருடைய காவல் என்பது அதன் பொருள். சின்சென்டார்ப் நமக்கு முற்றிலும் அந்நியர் அல்லர். ஹாலே நகரில் பள்ளி மாணவராயிருந்த நாட்களில், 1706-இல் சீகன்பால்கு வந்திறங்கிய நம் தரங்கம்பாடியிலிருந்து சென்ற மிஷனெரிச் செய்திகளைக் கேட்டு உள்ளம் அனல்கொண்டவர் அவர். பிற்காலத்தில், 1760-இல், ஹெர்ன்ஹூட்டின் சகோதரர்களும் தரங்கம்பாடிக்கு வந்து, ‘சகோதரர் தோட்டம்’ என்ற குடியிருப்பை அமைத்தார்கள்.

1727 மே மாதத்தில் ஹெர்ன்ஹூட் சபையார் பன்னிரண்டு மூப்பர்களைத் தெரிந்துகொண்டார்கள். அவர்களுக்குள் தலைமை மூப்பர் நால்வரைச் சீட்டுப்போட்டு நியமித்தார்கள். அன்று தொடங்கிய வழக்கம் விரைவில் சபை வாழ்வின் ஒவ்வொரு மூலைக்கும் பரவிற்று. ஊழியரை நியமிக்கவும், மிஷனெரியை அனுப்பவும், ஒருவரைச் சபையில் சேர்க்கவும், திருமணத்திற்கு இசைவு தரவும் சீட்டெடுத்தார்கள். பெரும்பாலும் மூன்று சீட்டுகள் இருக்கும்: ஒன்றில் ‘ஆம்’, ஒன்றில் ‘இல்லை’, மூன்றாவது வெறுமையானது. வெறுமையானது வந்தால், காத்திருக்க வேண்டும் என்று பொருள்கொள்வார்கள். இது விளையாட்டாகவோ தனி மனிதரின் ஆவலுக்காகவோ செய்யப்படவில்லை. மூப்பர்கள் கூடி ஆலோசித்து, ஜெபித்த பின்னரே செய்தார்கள்.

அவர்களுக்கு வேத ஆதாரம் இல்லாமல் இல்லை. சீலோவில் யோசுவா தேசத்தைப் பங்கிட்டது சீட்டினால். சகரியா தூபங்காட்டும் முறையைப் பெற்றது சீட்டினால். யூதாசின் இடத்திற்கு மத்தியா தெரிந்துகொள்ளப்பட்டதும் சீட்டினால். மடியிலே போடப்படும் சீட்டின் முடிவும் கர்த்தருடைய கையில் இருக்கிறது என்று நீதிமொழிகள் 16-ஆம் அதிகாரம் போதிக்கிறது. தங்கள் சுயசித்தத்தை ஒதுக்கிவைத்து, ஆண்டவரே சபையை நேரடியாக ஆளட்டும் என்பதே அவர்களுடைய வாஞ்சை. அந்த வாஞ்சையை நாம் குறைத்து மதிப்பிடலாகாது.

அதன் நற்கனிக்கு ஒரு சான்று லெயோன்ஹார்ட் டோபர் என்னும் குயவர். மேற்கிந்தியத் தீவாகிய செயின்ட் தாமஸில் அடிமைகளாயிருந்தவர்களின் துயரத்தை 1731-இல் கேள்விப்பட்டு, அவர்களுக்குச் சுவிசேஷம் அறிவிக்கப் போக விரும்பினார். சபை உடனே இசையவில்லை. ஏறக்குறைய ஓராண்டு அவரைக் காத்திருக்க வைத்துச் சோதித்தறிந்தது. முடிவில், சீட்டுக்கு இணங்குவீரா என்று சின்சென்டார்ப் கேட்டபோது, தம்மைப் பொறுத்தவரை அழைப்பைப் பற்றி ஐயம் இல்லை என்றும், சகோதரரின் மனநிறைவுக்காக இணங்குவதாகவும் டோபர் கூறினார். சீட்டு அவரைப் போகவிட்டது. 1732 ஆகஸ்ட் 21-ஆம் நாள், டேவிட் நிட்ச்மான் என்னும் தச்சரோடு அவர் புறப்பட்டார். மொரேவிய மிஷனெரிப் பணியின் தொடக்கம் அதுவே.

இங்கே நின்று கவனியுங்கள். டோபரின் அழைப்பு சீட்டிலே பிறக்கவில்லை. பிறர் துயரைக் கேட்ட செவியிலும், ஓராண்டுப் பொறுமையிலும், சகோதரரின் ஆராய்தலிலும் அது முதிர்ந்தது. சீட்டு கடைசியில் வந்து அதற்கு முத்திரையிட்டது.

இதற்கு மாறான நிகழ்ச்சி ஒன்றை ஜான் வெஸ்லியின் வாழ்வில் காண்கிறோம். அமெரிக்காவின் ஜார்ஜியாவில் ஊழியம் செய்தபோது மொரேவியரோடு நெருங்கிப் பழகி, அவர்களுடைய வழக்கத்தைக் கற்றுக்கொண்டவர் அவர். அங்கே சோபி ஹாப்கி என்ற பெண்ணை நேசித்தார். ஆயினும் மணப்பதா விடுவதா என்று மாதக்கணக்கில் துணியாதிருந்தார். 1737 மார்ச்சில் நண்பர் டெலமோட்டோடு ஜெபித்து மூன்று சீட்டுகள் எழுதினார்: மணந்துகொள், இவ்வாண்டு நினையாதே, இனி ஒருபோதும் நினையாதே. டெலமோட் எடுத்தது மூன்றாவது சீட்டு. சில நாட்களுக்குள் அப்பெண் வேறொருவரை மணந்தாள். சீட்டு விடை தந்தது. உள்ளத்தின் காயத்தையோ அது ஆற்றவில்லை. அவ்வாண்டு ஆகஸ்டில் வெஸ்லி அவளுக்குத் திருவிருந்தை மறுத்தார். வழக்கு எழுந்தது, ஊர் இரண்டுபட்டது. டிசம்பரில் அவர் ஜார்ஜியாவை விட்டு இங்கிலாந்துக்குத் திரும்பினார். எது தடுக்கிறது என்று தன் உள்ளத்தை ஆராய்ந்து, அந்தப் பெண்ணிடம் தெளிவாகப் பேச வேண்டிய வேலையைச் சீட்டு அவருக்காகச் செய்ய முடியவில்லை.

1739-இல் மற்றொரு நிகழ்ச்சி. பிரிஸ்டல் நகருக்கு வந்து திறந்தவெளியில் பிரசங்கிக்கும்படி வைட்பீல்ட் வெஸ்லியை அழைத்தார். போவதா என்று அறிய வேதத்தைத் திறந்தபோது, கண்ணில் பட்ட வசனங்கள் அச்சம் தருவனவாயிருந்தன. மலையேறி மரிக்கும்படி மோசே கட்டளை பெறுவது, இஸ்ரவேலர் மோசேக்காகத் துக்கங்கொண்டாடுவது, ஸ்தேவானின் அடக்கம் ஆகிய பகுதிகள் அவை. பின்பு சங்கத்தார் சீட்டெடுத்தார்கள், போகும்படி வந்தது. ஏப்ரல் 2-ஆம் நாள் அவர் பிரிஸ்டலில் திறந்தவெளியில் பிரசங்கித்தார். மெதடிஸ்டு எழுப்புதல் ஏழை எளியவரிடம் பாய்ந்து சென்றது. மரணத்தை அறிவிப்பதாய்த் தோன்றிய அந்த வசனங்கள் என்னவாயின? வெஸ்லி 1791 வரை உயிரோடிருந்து ஊழியம் செய்தார். வசனம் பொய்யுரைக்கவில்லை. மோசேக்கும் ஸ்தேவானுக்கும் உரியதை வெஸ்லிக்கு உரியதாக எடுத்துக்கொண்டதுதான் பிசகு.

மொரேவியச் சபையிலும் சிக்கல் முதிர்ந்தது, குறிப்பாகத் திருமணத்தில். சீட்டு ‘ஆம்’ என்றாலும் மறுக்க இருவருக்கும் உரிமை இருந்தது. ‘இல்லை’ என்றாலோ அந்தச் சம்பந்தம் அத்தோடு முடிந்தது. தாங்கள் நேசித்தவரை விட மனமில்லாத இளைஞர் சபையை விட்டுப் பிரிந்தார்கள். அமெரிக்காவிலிருந்த சபைகள் மாற்றம் வேண்டின. 1818-இல் கூடிய பொதுப்பேரவை, சாதாரண சபையாரின் திருமணத்திற்குச் சீட்டு கட்டாயம் அன்று எனத் தீர்மானித்தது. 1889-இல் சீட்டு வழக்கமே முற்றிலும் நீங்கிற்று.

அப்படியானால், அவர்கள் தேவ நடத்துதலைத் தேடுவதை விட்டுவிட்டார்களா? இல்லை. 1728 மே 3-ஆம் நாள் மாலை சின்சென்டார்ப் மறுநாளுக்குரிய ஒரு சிறு வாக்கியத்தைச் சபைக்குக் கொடுத்தார். அதுமுதல் நாள்தோறும் ஒரு வாக்கியம் வீடு வீடாக அறிவிக்கப்பட்டது. 1731 முதல் அது நூலாக அச்சிடப்படுகிறது. ‘லோசுங்கன்’ என்னும் அந்நூல் இன்று ஐம்பது மொழிகளுக்குமேல் வெளிவருகிறது. ஏறக்குறைய 1,800 பழைய ஏற்பாட்டு வசனங்களிலிருந்து ஒவ்வொரு நாளுக்கும் ஒன்று ஹெர்ன்ஹூட்டில் இன்றும் சீட்டினால் எடுக்கப்படுகிறது. அதனோடு சேரும் புதிய ஏற்பாட்டு வசனத்தையோ, அதற்குப் பொருந்தும்படி மனிதர் ஆராய்ந்து தெரிந்தெடுக்கிறார்கள்.

இந்த இணைப்பில் ஒரு ஞானம் இருக்கிறது. முதல் வசனம், நாம் கேளாததை ஆண்டவர் நமக்குத் தரலாம் என்று நினைப்பூட்டுகிறது. இரண்டாம் வசனம், தரப்பட்டதை ஆராய்ந்து பொருள் காணும் பொறுப்பு நம்முடையது என்கிறது. மேலும், அந்த வசனம் ‘இந்த வீட்டை வாங்கலாமா’ என்ற கேள்விக்குத் தீர்ப்பாகக் கொடுக்கப்படுவதில்லை. அந்த நாள் முழுவதும் உடன் நடக்கும் துணையாகக் கொடுக்கப்படுகிறது. நம் வாக்குத்தத்த அட்டையையும் அவ்வாறே ஏந்துவோமானால் அது பேராசீர்வாதம்.

மத்தியாவுக்குப் பின், அதாவது பெந்தெகொஸ்தே நாளில் ஆவியானவர் பொழியப்பட்ட பின், அப்போஸ்தலர் சீட்டுப்போட்டதாக நடபடிகளில் ஓரிடத்திலும் காணோம். எருசலேம் ஆலோசனைச் சங்கத்தில் அவர்கள் வாதித்தார்கள், சாட்சிகளைக் கேட்டார்கள், வேதத்தோடு ஒப்பிட்டார்கள். பின்பு, இது பரிசுத்த ஆவியானவருக்கும் எங்களுக்கும் நலமாய்க் கண்டது என்று துணிந்து எழுதினார்கள். ஆவியானவர் அவர்களுடைய சிந்தையை ஒதுக்கிவிட்டு நடத்தவில்லை. அந்தச் சிந்தைக்குள்ளே நடத்தினார்.

ஆகையால், பிரியமானவர்களே, மகளுக்குச் சம்பந்தம் வரும்போது சீட்டுக்கு முன் மகளிடம் பேசுங்கள். அவள் சொல்வதைப் பொறுமையாய்க் கேளுங்கள். மணமகனுடைய பக்தியையும் குணத்தையும் விசாரித்தறியுங்கள். அனுபவமுள்ள மூத்த விசுவாசிகளின் ஆலோசனையை நாடுங்கள். வேதம் ஏற்கெனவே தெளிவாய்த் தடைசெய்த காரியத்திற்கு மறுபடியும் அடையாளம் கேளாதிருங்கள். காத்திருக்க வேண்டுமாயின் காத்திருங்கள். இவற்றின் பின் முடிவெடுத்து, அதை உங்களுடைய முடிவென்று ஏற்றுக்கொள்ளுங்கள். அது தவறிப்போனாலும், தவறினவனைத் தேடிவரும் மேய்ப்பர் நமக்கு உண்டு. அவரை நம்புகிறவனுக்குத் தீர்மானம் செய்வது பயங்கரமன்று.

ஞானத்தில் குறைவுள்ளவன் கேட்டால், கடிந்துகொள்ளாமல் கொடுக்கிற தேவன், இந்த வாரத்தில் நீங்கள் செய்ய வேண்டிய சிறிய, பெரிய எல்லாத் தீர்மானங்களிலும் உங்கள் சிந்தையைப் புதிதாக்கி நடத்துவாராக. ஆமென்.