புட்ச்

ஆயுத பலத்தால் திடீரென ஆட்சியைப் பறிக்கும் முயற்சி. சுவிட்சர்லாந்தின் ஜெர்மன் பேச்சுவழக்கில் இச்சொல்லுக்கு மோதல், முட்டு என்று பொருள். 1839-இல் கிராமத்தார் திரண்டு வந்து சூரிச் அரசைக் கவிழ்த்தபோது அரசியல் சொல்லாயிற்று.

ஜெர்மனியில் நடந்த ஒரு புட்சில், 1920 மார்ச் 13-இல் வலதுசாரி அரசியல்வாதி வொல்ஃப்காங் கப்பும் ஜெனரல் லுட்விட்ஸும் பெர்லினைப் பிடித்தார்கள். அரசைக் காக்க வேண்டிய ராணுவத் தலைமையில் பெரும்பாலோர், சக படையினரைச் சுட முடியாது என்று ஒதுங்கிக்கொண்டார்கள். அமைச்சர்கள் டிரெஸ்டனுக்குத் தப்பினார்கள். தொழிலாளர்களோ பொது வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ரயில் நின்றது, மின்சாரம் போனது, குழாயில் தண்ணீர் வரவில்லை. அதிகாரிகள் ஒத்துழைக்கவில்லை, மத்திய வங்கியான ரைஷ்பாங்க் கப்புக்குப் பணம் தர மறுத்தது. மார்ச் 17-இல் அவர் பதவி விலகினார்.

1923-இல் மியூனிக்கில் ஹிட்லர் செய்த முயற்சிக்கும் இதே பெயர்தான். பெரும்பாலும் தோற்றுப்போன கவிழ்ப்புகளையே இச்சொல் குறிக்கிறது.