வேலியின்றிக் காத்த மலை

1958-ஆம் ஆண்டில் சண்டிகர் நகரத்தில் அமைக்கப்பெற்ற சுக்னா ஏரி, சிவாலிக் குன்றுகளினின்று வந்த வண்டலால் விரைந்து தூர்ந்தது. காரணம் தேடிச் சென்ற மண்வள அறிஞர் பி. ஆர். மிஸ்ரா, சுக்கோமஜ்ரி என்னும் சிற்றூரை அடைந்தார். வறுமையுற்ற அவ்வூரார் ஆடுமாடு மேய்த்தும் மரம் வெட்டியும் பிழைத்தமையால் குன்றுகள் மொட்டையாயிருந்தன.

1976-இல் ஆண்டு மண்ணணை ஒன்று எழுந்தது. நீர் நிலமுடையார்க்கே உரியதென்னாது, பின்னர் நிலமிலார்க்கும் ஒத்த பங்கு வகுக்கப்பெற்றது. அதன்மேல் ஊரார் தாமே மேய்ச்சலை நிறுத்தி, வேலியின்றியே குன்றுகளைக் காத்தனர். விளைச்சல் பெருகிற்று, மலைப்புல் விற்று ஊர்ப்பொதுநிதியும் வளர்ந்தது, ஏரிக்கு வரும் வண்டலும் குறைந்தது.

பசித்தவனுக்குப் பங்களியாது காட்டைக் காக்கச் சொல்லுதல் வீணென்பதே இவ்வரலாறு உணர்த்துவது. ஊர்த்தொண்டு செய்யப்புகும் நம்மவர்க்கு யாம் இதனையே நினைவூட்ட விரும்புகின்றோம்.