மலையடியில் பட்டம், மலைமேல் முப்பது நாள்

ஜவ்வாது மலை திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் என்று மூன்று மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. போளூர்ப் பக்கமிருந்தோ ஆலங்காயம் பக்கமிருந்தோ ஏறினால் ஜமுனாமரத்தூர். அதைச் சுற்றி மலையாளிப் பழங்குடியினரின் சின்னச் சின்ன ஊர்களும் சாமைக் கொல்லைகளும். மலைக்கு வடக்கே, சமவெளியில் வேலூர். இந்தியாவில் நர்சிங் பட்டப் படிப்பு 1946-ல் இரண்டே ஊர்களில் தொடங்கியது. ஒன்று டெல்லி, இன்னொன்று வேலூர்.

பட்டம் பிறந்த ஊருக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்தும், மலைப் பெண்களுக்குப் பிரசவம் பார்க்க வந்தவர்களின் படிப்பு மேலே ஏற ஏறச் சுருங்கிக்கொண்டே போனது. கீழே பெரிய மருத்துவமனையில் நான்காண்டுப் பட்டதாரி. கிராமத் துணை சுகாதார நிலையத்தில் பதினெட்டு மாதப் பயிற்சி பெற்றவர். அதற்கும் மேலே, பாதையே இல்லாத ஊர்களில் மருத்துவச்சிக் கிழவி. அவருக்கு அரசு வைத்த பயிற்சி முப்பது நாள்.

வேலூர்க் கதையின் தொடக்கம் தமிழ்நாட்டில் பலருக்கும் தெரிந்ததுதான். 1890-களின் தொடக்கத்தில் திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பேர் கதவைத் தட்டி, பிரசவ வேதனையில் இருக்கும் தங்கள் மனைவியைப் பார்க்க வரும்படி ஐடா ஸ்கடரை அழைத்தார்கள். அவர் அப்போது டாக்டர் இல்லை. டாக்டரான அப்பா வருவதை அவர்கள் ஏற்கவில்லை. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தார்கள். ஐடா அமெரிக்கா போய் 1899-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் வாங்கித் திரும்பினார். 1900-ல் வேலூரில் ஒரே ஒரு படுக்கை, 1902-ல் 40 படுக்கை கொண்ட மேரி டேபர் ஷெல் மருத்துவமனை.

இந்தக் கதையில் டாக்டர்தான் எப்போதும் முன்னால் நிற்கிறார். 1909-ல் அதே மருத்துவமனையில் நர்சிங் பள்ளி தொடங்கியதைப் பலரும் ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். பெண்களுக்கான மருத்துவப் பள்ளி வந்தது 1918-ல்தான். அதாவது வேலூரில் டாக்டர்களுக்கு ஒன்பது ஆண்டுகள் முன்பே செவிலியர்கள் உருவாகத் தொடங்கிவிட்டார்கள்.

வேலூருக்கும் முன்னோடி சென்னை. எழும்பூர் மகப்பேறு மருத்துவமனையின் வேர் 1844-ல் இருக்கிறது. 1854-ல் சென்னையில் மருத்துவச்சிகளுக்கென்றே பயிற்சிப் பள்ளிக்கு அரசு அனுமதி தந்தது. 1926-ல் மதராஸ் செவிலியர், மருத்துவச்சிகள் சட்டம் வந்தது. சட்டத்தின் தலைப்பிலேயே இரண்டு தொழில்களும் தனித்தனியாக நின்றன. போகப் போக மருத்துவச்சித் தொழில் நர்சிங்குக்குள் கரைந்தது. மூன்றாண்டு நர்சிங் படித்த பெண் மேலும் சில மாதம் மகப்பேறு படித்தால் இரண்டுக்கும் பதிவுபெறலாம். கையில் இரட்டைச் சான்றிதழ், வேலை என்னவோ வார்டில்.

1946-ல் வேலூர்ப் பட்டப் படிப்பு சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் வந்தபோது துணைவேந்தராக இருந்தவர் ஆற்காடு லட்சுமணசாமி முதலியார். மகப்பேறு மருத்துவத்தில் நாடு முழுவதும் புழங்கிய பாடநூலை எழுதியவர். பிரசவம் என்றால் என்ன என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்படியிருந்தும் அந்தக் காலப் பட்டம் தயாரித்தது ஆசிரியர்களையும் மேற்பார்வையாளர்களையும். மருத்துவமனைகளுக்கு அவர்கள்தான் அவசரமாகத் தேவைப்பட்டார்கள். கிராமத்துக்கென்று 1950-களில் துணைச் செவிலியர்–மருத்துவச்சி என்ற தனிப் படிப்பு உருவானது, இரண்டாண்டுகள். 1973-ல் கர்தார் சிங் குழு எல்லா வேலையையும் ஒருவரே பார்க்கும் ‘பல்நோக்கு’ ஊழியர் என்ற யோசனையைச் சொன்னது. அதன் பிறகு அந்தப் படிப்பும் பதினெட்டு மாதமானது. தடுப்பூசி, குடும்பக் கட்டுப்பாடு, பதிவேடு என்று சுமை ஏறியது, பிரசவத்துக்கான கவனம் குறைந்தது. தமிழ்நாட்டில் கிராம சுகாதார செவிலியர் என்று அழைக்கப்படுகிறவர் இவர்தான்.

1970-களின் பிற்பகுதியில் மருத்துவச்சிகளுக்கு வந்த திட்டம் இன்னும் சிக்கனம். முப்பது வேலை நாள், 300 ரூபாய் உதவித்தொகை, முடிவில் ஒரு சான்றிதழ், பிரசவப் பெட்டி ஒன்று. தலைமுறைகளாகக் குழந்தைகளைக் கையில் ஏந்தியவர்களுக்கு அதுவே பட்டமளிப்பு. 1986-ல் இதே மலையில், காவலூரில், 2.34 மீட்டர் தொலைநோக்கி இயங்கத் தொடங்கியது. வேதனையில் துடிக்கும் பெண்ணை டோலி கட்டித் தூக்கிவரும் ஊர்கள் அதன் பிறகும் இருந்தன.

வேறொரு மலையில் கதை தலைகீழாக நடந்திருக்கிறது. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், அப்பலாச்சியன் மலைகளில், சாலையே இல்லாத லெஸ்லி கவுண்டி. அங்கே 1925-ல் மேரி பிரெக்கின்ரிட்ஜ் ஒரு செவிலியர் சேவையைத் தொடங்கினார். தன் இரண்டு குழந்தைகளையும் பறிகொடுத்தவர் அவர். நர்ஸாக இருந்தவர், இங்கிலாந்து போய் மருத்துவச்சிப் படிப்பையும் முடித்துவந்தார். அவருடைய செவிலியர்கள் குதிரையேறி மலைவீடுகளுக்குப் போனார்கள். முதல் ஆயிரம் பிரசவங்களின் கணக்கை மெட்ரோபாலிட்டன் லைஃப் காப்பீட்டு நிறுவனத்தின் புள்ளியியலாளர் ஆராய்ந்தார். பேறுகாலமே நேரடிக் காரணமாக ஒரு தாய்கூட இறந்திருக்கவில்லை. 1939-ல் போர் மூண்டு பிரிட்டிஷ் செவிலியர்கள் ஊர் திரும்பியதும், அந்த மலையிலேயே நர்ஸ்களுக்கான மருத்துவச்சிப் பள்ளி ஒன்றைத் திறந்துவிட்டார் பிரெக்கின்ரிட்ஜ். நீண்ட படிப்பு படித்தவர்கள் அங்கே முதலில் மலைக்குத்தான் போனார்கள்.

வேலூரிலிருந்து மருத்துவக் குழுக்கள் ஜவ்வாது மலைக்குப் போகாமல் இல்லை. ஆனால் போய்வருவது வேறு, மேலேயே ஆள் உருவாக்குவது வேறு. இரண்டாவதைச் செய்து காட்டியவர்கள் தருமபுரி மாவட்டத்துச் சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு நடுவே இருக்கிறார்கள். டாக்டர் ரெஜி ஜார்ஜும் டாக்டர் லலிதாவும் 1993-ல் சிட்லிங்கியில் ஒரு குடிசையில் மருத்துவமனை தொடங்கி, உள்ளூர்ப் பழங்குடிப் பெண்களுக்கே பிரசவம் பார்க்கவும் அறுவை சிகிச்சைக்கு உதவவும் கற்றுத்தந்தார்கள். ஆயிரம் குழந்தைகளுக்கு 147 என்றிருந்த சிசு மரணம் இருபதை ஒட்டி இறங்கியது. அந்தப் பெண்களிடம் பல்கலைக்கழகப் பட்டம் கிடையாது.

அரசும் சும்மா இருக்கவில்லை. ஆரம்ப சுகாதார நிலையங்களில் இருபத்து நாலு மணி நேரமும் நர்ஸ், 2008-லிருந்து 108 வண்டி, மலைப்பகுதி நிலையங்களில் பேறுகாலத்துக்கு முன்பே வந்து தங்கும் காத்திருப்பு அறை. 2019–21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 99.6 சதவீதம் மருத்துவமனைகளிலும் சுகாதார நிலையங்களிலும் நடந்தவை. பெரிய சாதனைதான். அதே கணக்கெடுப்பு, 44.9 சதவீதம் சிசேரியன் என்றும் சொல்கிறது. இயல்பான பிரசவத்தைப் பொறுமையாக உடனிருந்து நடத்தத் தெரிந்தவர்கள் வேண்டும் என்று இப்போது பேசப்படுவதற்கு இந்த எண்ணும் ஒரு காரணம்.

2018 டிசம்பரில் மத்திய அரசு மருத்துவச்சிச் சேவைக்கான வழிகாட்டுதல்களை வெளியிட்டது. ஏற்கெனவே செவிலியரானவர் மேலும் பதினெட்டு மாதம் மகப்பேறு மட்டுமே படித்து, சிக்கலில்லாத பிரசவங்களைத் தன் பொறுப்பிலேயே நடத்தலாம். பிரெக்கின்ரிட்ஜின் பள்ளி 1939-ல் வைத்த அதே வரிசை. சேர்வதற்கு டிப்ளமோ நர்சிங் அல்லது பி.எஸ்சி. நர்சிங் முடித்திருக்க வேண்டும். ஜவ்வாது மலை ஊர்களுக்கு ஏறி இறங்கும் கிராம சுகாதார செவிலியர், தன் துணைச் செவிலியர் படிப்பை மட்டும் வைத்துக்கொண்டு அதற்கு விண்ணப்பிக்க முடியாது.