கீமோகைன்கள்: வெள்ளணுக்களுக்கு வழிகாட்டும் புரதங்கள்

காசநோய்க் கிருமி நுரையீரலை அடைந்ததும், அங்குள்ள அணுக்கள் கீமோகைன்கள் என்னும் சிறு புரதங்களைச் சுரக்கின்றன. அவற்றின் செறிவு மிகும் திசையை நோக்கி இரத்த வெள்ளணுக்கள் நகர்ந்து வந்து சேர்கின்றன.

இதன் விளைவை மாண்டூ பரிசோதனையில் கண்ணாலேயே காணலாம். முன்கைத் தோலில் டியூபர்குலின் செலுத்தினால், கிருமியை முன்பே அறிந்த வெள்ளணுக்கள் அவ்விடத்தில் திரண்டு தடிப்பை உண்டாக்குகின்றன. அவை திரள நேரம் பிடிக்கும். ஆகவே தடிப்பை 48 முதல் 72 மணி நேரத்திற்குள் அளக்க வேண்டும். சிவப்பு நிறம் கணக்கில் சேராது. 1928-இல் தோன்றிய தாம்பரம் சானடோரியம் மருத்துவமனைக்குச் சிங்கப்பெருமாள் கோவில் போன்ற ஊர்களிலிருந்து வருவோர், இரண்டாம் பயணத்திற்கும் முன்பே ஏற்பாடு செய்துகொள்வது நல்லது.

தடிப்பு மட்டுமே காசநோயை உறுதிசெய்யாது, பி.சி.ஜி. தடுப்பூசியாலும் அது தோன்றலாம். எச்.ஐ.வி. தொற்று அல்லது கடும் ஊட்டச்சத்துக் குறைபாடு உடையோருக்குக் கிருமி இருந்தும் தடிப்பு தோன்றாமற்போகலாம். இரண்டு வாரங்களுக்கு மேல் இருமல் நீடித்தால் சளிப் பரிசோதனை செய்துகொள்ளவும்.