ஜாடிக்குள் போன குன்று

மணலைப் பார்ப்பதற்காக யாராவது ரயில் ஏறிப் போவார்களா? சிகாகோவில் உத்தியோகம் பார்க்கும் என் தமக்கை மகன், "நாளைக்கு இந்தியானா மணற்குன்றுகளுக்குப் போகிறோம், மாமா" என்று சொன்னபோது எனக்கு அப்படித்தான் தோன்றிற்று. காவேரிக் கரையில் வளர்ந்தவனுக்கு மணல் என்ன அதிசயம்? ஆனாலும் விருந்தாளிக்கென்று தனி அபிப்பிராயம் ஏது? பேசாமல் கிளம்பினேன்.

மிச்சிகன் ஏரியின் தென்கரைப் பக்கமாக ஒரு மின்சார ரயில் ஓடுகிறது. 1908 முதல் ஓடுகிற பழைய பாதை. அதில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் பிரயாணம். வழியில் கேரி என்ற ஊர் வருகிறது. 1906-க்கு முன் அப்படி ஓர் ஊரே கிடையாது. யுனைடெட் ஸ்டேட்ஸ் ஸ்டீல் கம்பெனியார் ஏரிக்கரை மணல்மேடுகளை நிரவி, உருக்காலை கட்டி, ஆலைக்குத் துணையாக ஊரையும் கட்டி, தங்கள் தலைவர் எல்பர்ட் கேரியின் பெயரையே அதற்குச் சூட்டிவிட்டார்கள். ஊரைத் தாண்டிச் சிறிது தூரம் போனதும் காடு சூழ்ந்துகொண்டது. இறங்கிய இடத்தில் மருமானின் சிநேகிதர் ஒருவர் காருடன் காத்திருந்தார்.

ஏரி என்றதும் நம் ஊர் ஏரியை நினைத்துக்கொள்ளக் கூடாது. அக்கரை தெரியாது. அலை புரண்டு வந்து கரையில் மோதுகிறது. ஒரு கை அள்ளி வாயில் விட்டுப் பார்த்தேன், உப்பே இல்லை. சமுத்திரத்தின் எதிரே நின்றுகொண்டு நல்ல தண்ணீர் குடிப்பது ஒரு விநோதமான அநுபவந்தான். வடமேற்கே வெகு தொலைவில் சிகாகோவின் உயர்ந்த கட்டடங்கள் தண்ணீருக்குள்ளிருந்து முளைத்தவை போல நின்றன.

கரையிலிருந்து உள்ளே நடந்தபோதுதான் இந்த மணலின் பெருமை சிறிது சிறிதாக விளங்கத் தொடங்கியது. முதலில் வெறும் மணல். அடுத்தாற்போல் ஒருவகைக் கோரைப் புல். அதன் வேர்கள் ஓடி ஓடி மணலைக் கட்டிப் பிடிக்கின்றன. அப்புறம் புதர்கள், பிறகு பைன் மரங்கள், அதற்கும் அப்பால் கருவாலிக் காடு. ஹென்றி கௌல்ஸ் என்பவர் சிகாகோ பல்கலைக்கழகத்துத் தாவர சாஸ்திரி. அவர் இங்கே நடந்து நடந்து பார்த்து, 1899-இல் ஓர் உண்மையை எழுதி வெளியிட்டார். கரைக்கு அருகில் இருப்பது புதிய மணல், உள்ளே போகப் போகப் பழைய மணல். ஆகவே உள்ளே நடக்கிறவன் காலத்தில் பின்னோக்கி நடக்கிறான். புல் மண்ணைப் பதப்படுத்திவிட்டு மறைய, அந்த இடத்தில் வேறொன்று முளைக்கிறது. காடு உண்டாகும் விதத்தை உலகத்துக்கு எடுத்துக்காட்டிய இடங்களில் இது முக்கியமானது. ஆயிரத்து நூறுக்கு மேற்பட்ட செடி வகைகள் இங்கே இருக்கின்றனவாம். பனிப் பிரதேசத்துச் செடிக்குப் பக்கத்தில் சப்பாத்திக்கள்ளி நிற்கிறது. திணை மயக்கம் என்று நம் புலவர்கள் சொன்னதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

சாப்பாட்டுக்குப் பிறகு மௌண்ட் பால்டி என்ற மொட்டைக் குன்றைப் பார்க்கப் போனோம். உயரம் 126 அடி. இது ஓரிடத்தில் நிற்கிற குன்று அல்ல. காற்று தள்ளத் தள்ள வருஷத்துக்குச் சில அடி உள்நாட்டுப் பக்கம் நகர்ந்து, எதிரே நிற்கும் மரங்களை விழுங்கிக்கொண்டே போகிறது. விழுங்கிய மரம் உள்ளே உளுத்துப்போனால், அந்த இடம் கண்ணுக்குத் தெரியாத பொந்தாகிவிடும். 2013 ஜூலையில் ஆறு வயதுப் பையன் ஒருவன் அப்படிப்பட்ட பொந்தில் விழுந்து மணலுக்கடியில் புதைந்து போனான். மூன்று மணி நேரத்துக்கு மேல் தோண்டி, பதினோரு அடி ஆழத்திலிருந்து எடுத்தார்கள். பையன் பிழைத்துக்கொண்டான். நாங்கள் போனபோது, துணைக்குக் காவலர் இல்லாமல் உச்சிக்குப் போக அனுமதி இல்லை என்றார்கள். எனக்கும் அவ்வளவு ஆசை இல்லை!

அங்கிருந்து பார்த்தால் மிச்சிகன் சிடி துறைமுகத்தின் பக்கம் ஒரு மின்சார நிலையமும் அதன் பெரிய குளிர்விக்கும் கோபுரமும் தெரிகின்றன. "அங்கேதான் இதைவிடப் பெரிய குன்று இருந்தது" என்றார் சிநேகிதர்.

அதன் பெயர் ஹூஸியர் ஸ்லைடு. சுமார் 200 அடி உயரம். சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் சிகாகோ ஜனங்கள் கப்பலிலும் ரயிலிலும் வந்து அதன்மேல் ஏறிச் சறுக்கி விளையாடினார்கள். படங்களில் பார்த்தால், பாவாடை தரைதட்ட உடுத்த மாதரசிகளும் தொப்பி வைத்த கனவான்களும் உச்சியில் நிற்கிறார்கள். அந்த மணல் கண்ணாடி செய்ய ஏற்றது என்று யாரோ கண்டுபிடித்ததுதான் வினையாயிற்று. இந்தியானாவிலேயே மன்ஸி என்னும் ஊரில் ஐந்து சகோதரர்கள் சேர்ந்து கண்ணாடி ஜாடித் தொழிற்சாலை நடத்தினார்கள். பழத்தையும் காய்கறியையும் பக்குவம் செய்து அடைத்து வைக்கும் ஜாடிகள். பால் என்பது அவர்கள் குடும்பப் பெயர். ஏரி மணலில் செய்த ஜாடிகளுக்கு ஒரு தனி நீல நிறம் வந்தது. தள்ளுவண்டிகளில் அள்ளி, ரயில் வண்டிகளில் ஏற்றி, சுமார் முப்பது வருஷத்தில் 1 கோடியே 35 லட்சம் டன் மணலைக் கொண்டுபோய்விட்டார்கள் என்று கணக்குச் சொல்கிறார்கள். 1920 வாக்கில் அந்த இடம் சமதரை. ஒரு மலை, வீடு வீடாக, சமையலறை அலமாரிகளில் போய் உட்கார்ந்துகொண்டது. எவரும் அதைக் களவு என்று சொல்லவில்லை. விலை கொடுத்து வாங்கினார்கள், அவ்வளவுதான்.

மண்ணை விலைக்கு வாங்கும் பழக்கம் வருவதற்கு முன் இது பொட்டவாட்டமி என்னும் பூர்வகுடி மக்களின் பூமி. இந்தியானா என்றால் இந்தியர் நாடு என்று அர்த்தம். அந்த இந்தியர்கள் நாம் அல்ல, அவர்கள்! 1838-இல் இந்த ராஜ்யத்திலிருந்த பொட்டவாட்டமிகளில் எண்ணூற்றுக்கு மேற்பட்டவர்களைத் துப்பாக்கி முனையில் கான்ஸாஸுக்கு நடத்திக்கொண்டு போனார்கள். வழியில் நாற்பது பேருக்கு மேல் இறந்துபோனார்கள், பெரும்பாலும் குழந்தைகள்.

குன்று கரைந்துகொண்டிருந்தபோதே எஞ்சியதைக் காப்பாற்ற வேண்டும் என்று சிலர் எழுந்தார்கள். 1916 அக்டோபர் 30-ஆம் தேதி ஸ்டீபன் மேதர் சிகாகோவில் ஒரு விசாரணைக் கூட்டம் நடத்தினார். தேசியப் பூங்காக்களுக்கென்று அமெரிக்க சர்க்கார் அப்போதுதான் ஏற்படுத்தியிருந்த இலாகாவுக்கு முதல் தலைவராக வந்தவர் அவர். மணற்குன்றுகளையும் தேசியப் பூங்காவாக்கலாம் என்பது யோசனை. பேசியவர்களில் ஒருவர்கூட எதிர்க்கவில்லை. ஆனால் அதற்கு முன் உண்டான பூங்காக்கள் பெரும்பாலும் சர்க்கார் புறம்போக்கில் அமைந்தவை. இங்கே நிலத்தைப் பணம் கொடுத்து வாங்க வேண்டும். மறு வருஷம் ஏப்ரலில் அமெரிக்கா யுத்தத்தில் குதித்தது. முதலில் தேசத்தைக் காப்போம், மணலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று கோப்பைக் கட்டி வைத்துவிட்டார்கள். 1920-களில் பெஸ் ஷீஹன் என்ற அம்மாளும் மாதர் சங்கங்களும் போராடியதன் பலனாக, மூன்று மைல் கரை மட்டும் ராஜ்யப் பூங்காவாகத் தப்பிற்று. அதற்கு நன்கொடை கொடுத்தவர்களில் உருக்குத் தலைவர் எல்பர்ட் கேரியும் ஒருவர். மனித சுபாவம் கதாசிரியனையும் திகைக்க வைக்கிறது.

மறுபடி 1952-இல் டோரதி ப்யூவெல் என்ற அம்மையார் தம் வீட்டில் அக்கம்பக்கத்துப் பெண்கள் இருபத்தொரு பேரைக் கூட்டி ஒரு சபை அமைத்தார். சிறுகச் சிறுகப் பணம் சேர்த்து முதலில் வாங்கியது ஒரு சதுப்பு நிலம். இன்று அது கௌல்ஸின் பெயரால் விளங்குகிறது. இந்தியானாவின் செனட்டர்கள் கைகொடுக்கவில்லை. துறைமுகமும் உருக்காலையும் வந்தால் பிழைப்பு வரும் என்றார்கள். அதைத் தவறென்றும் சொல்லிவிட முடியாது. எனவே பெண்கள் பக்கத்து ராஜ்யமான இல்லினாய்ஸின் செனட்டர் பால் டக்ளஸைப் பிடித்தார்கள். பொருளாதாரப் பேராசிரியர். ஐம்பதாவது வயதில் சாதாரணச் சிப்பாயாகப் படையில் சேர்ந்து, ஓகினாவாவில் அடிபட்டு இடது கையின் பலத்தை இழந்தவர். மணற்குன்றுகளுக்கிடையே அவருக்கு ஒரு சிறு வீடு இருந்தது. 1958-இல் மசோதாவைக் கொண்டுவந்தார்.

மசோதா வாஷிங்டனில் ஊர்ந்துகொண்டிருந்தபோது பெத்லஹேம் ஸ்டீல் கம்பெனியின் மண் வாரும் யந்திரங்கள் இங்கே ஓடிக்கொண்டிருந்தன. எந்தக் குன்றுகளுக்காக மசோதாவோ அந்த நடுக்குன்றுகளே தரைமட்டமாயின. அங்கே தோண்டிய மணலை யார் வாங்கினார்கள் தெரியுமா? ஏரிக்கரையின் மறுபக்கம் எவன்ஸ்டனில் இருக்கும் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம், தன் மைதானத்தைத் தண்ணீருக்குள் நீட்டிக்கொள்வதற்காக வாங்கிற்று. ஒரு பல்கலைக்கழகம் பாடம் படித்த மணலின்மேல் இன்னொரு பல்கலைக்கழகம் கட்டடம் எழுப்பிக்கொண்டது.

கடைசியில் கென்னடி சர்க்கார் 1963-இல் ஒரு சமரசம் கண்டது: துறைமுகமும் இருக்கட்டும், பூங்காவும் இருக்கட்டும். 1966 நவம்பர் 5-ஆம் தேதி ஜனாதிபதி ஜான்ஸன் சட்டத்தில் கையெழுத்திட்டார். மூன்றாம் நாள் தேர்தல். டக்ளஸ் தோற்றுப்போனார்.

சட்டத்தில் கிடைத்த பெயர் 'தேசிய ஏரிக்கரை' என்பதுதான். 'தேசியப் பூங்கா' என்ற பெயர் 2019 பிப்ரவரி 15-ஆம் தேதி, ஒரு பெரிய வரவு செலவுச் சட்டத்துக்கிடையே சில வரிகளாக வந்து சேர்ந்தது. மேதர் கூட்டிய கூட்டத்திலிருந்து எண்ணினால் நூற்றிரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்று பதினைந்து மைல் கரையும் சுமார் 15,000 ஏக்கரும் பூங்காவுக்குள் அடக்கம். ஆனால் நடு நடுவே ஆலையும் துறைமுகமும் புகுந்து, கிழிந்த வேட்டியைத் தைத்தது போல இருக்கிறது. பெத்லஹேம் கம்பெனியோ 2001-இல் திவாலாகி, 2003-இல் இல்லாமலே போயிற்று. ஆலை மட்டும் வேறு கைகளுக்கு மாறியிருக்கிறது.

திரும்பும் வழியில் மிச்சிகன் சிடியில் ஒரு பழைய சாமான் கடை. ஜன்னலில் நீலக் கண்ணாடி ஜாடி ஒன்று இருந்தது. எந்த மணலில் வார்த்ததோ, யார் சொல்ல முடியும்? "வாங்கிக்கோங்கோ மாமா, ஊறுகாய்க்கு ஆகும்" என்றான் மருமான். கடைக்காரர் சொன்ன விலையைக் கேட்டுக்கொண்டு, கையில் எடுத்து வெளிச்சத்தில் ஒரு தடவை திருப்பிப் பார்த்துவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்தேன். ரயிலுக்கு நேரமாகிவிட்டது. வண்டியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றியபோது ஒரு பிடி மணல் கொட்டிற்று.